மெய்நிகர் இயந்திரங்களின் இன்கிரிமென்டல் வட்டு பேக்கப்பைச் சோதிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

முழு பேக்கப் ஒன்று பாதியில் நின்றுபோனால் கோப்பின் அளவே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறிய பகுதிகளை மட்டும் நகலெடுக்கும் இன்கிரிமென்டல் பேக்கப்பில் அப்படி இல்லை. மாறிய ஒரு பகுதி "மாறவில்லை" என்று தவறாகக் குறிக்கப்பட்டுவிட்டால், வேலை வழக்கத்தைவிடச் சற்று விரைவாகவே முடியும், பதிவேட்டில் வெற்றி என்றே எழுதப்படும், அந்த ஓட்டை அடுத்தடுத்த நாள்களின் பேக்கப்புகளுக்கும் அப்படியே கடத்தப்படும். வட்டை மீட்டெடுத்து, அன்றைய உண்மையான வட்டோடு பிளாக் பிளாக்காக ஒப்பிட்டுப் பார்க்கும் வரை அது யார் கண்ணிலும் படாது. ஆகவே "பேக்கப் ஓடியதா" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "எழுதப்பட்ட ஒவ்வொன்றும் கண்காணிப்பில் சிக்கியதா" என்ற கேள்வியை மையமாக வைத்து இந்தச் சோதனைகளை அமைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளுக்கு, மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் க்யூஎமு, கேவிஎம், அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட் ஆகியவற்றைக் கொண்ட சூழலை எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளின் பெயர் மாறினாலும் வேறு ஹைப்பர்வைசர்களிலும் (மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் மென்பொருள்களிலும்) இதே சோதனைகள் பொருந்தும்.

கண்காணிப்பு எப்படி நடக்கிறது

ஹைப்பர்வைசர், வட்டைச் சம அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பிட் ஒதுக்கி ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு பைட் எழுதப்பட்டாலும் அதன் பிட் 1 ஆகிவிடும். அடுத்த பேக்கப் 1 உள்ள கட்டங்களை மட்டும் நகலெடுக்கும். க்யூஎமு இதை டர்ட்டி பிட்மேப் என்று அழைக்கிறது. 2015-இல் வந்த 2.4 பதிப்பில் இது அறிமுகமானது. இயந்திரம் அணைக்கப்பட்டாலும் அழியாதபடி, க்யூஎமுவின் வட்டுக் கோப்பு வடிவமான க்யூகவ்2 கோப்புக்குள்ளேயே பிட்மேப்பைச் சேமிக்கும் வசதி 2017-இல் 2.10 பதிப்போடு வந்தது. லிப்விர்ட்டில் பேக்கப்பைத் தொடங்கும் கட்டளை 2020 ஜனவரியில் 6.0 பதிப்பில் சேர்ந்தது. விஎம்வேரில் 2009-இல் விஸ்பியர் 4.0 முதலும், ஹைப்பர்-வியில் விண்டோஸ் சர்வர் 2016 முதலும் இதே வேலையைச் செய்யும் வசதிகள் இருக்கின்றன.

ஒரு கட்டம் தேவையில்லாமல் குறிக்கப்பட்டால் சிறிது இடமும் நேரமும் வீணாகும், அவ்வளவுதான். குறிக்கப்பட வேண்டிய கட்டம் விடுபட்டால் தரவு போய்விடும். எனவே இன்கிரிமென்டல் கோப்பு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தால் நிதானமாகக் காரணம் தேடலாம். எதிர்பார்த்ததைவிடச் சிறிதாக இருந்தால் அன்றைய வேலைகள் அனைத்தையும் நிறுத்திவிட்டு அதைத்தான் பார்க்க வேண்டும்.

பெரிய நிறுவனத்தின் மென்பொருளில் இப்படி நடக்காது என்று நம்பிவிட வேண்டாம். மெய்நிகர் வட்டை 128 ஜிபி எல்லையைக் கடந்து விரிவாக்கிய பிறகு, மாறிய பகுதிகளின் பட்டியலைத் தவறாகத் தரும் பிழை விஎம்வேரில் இருந்தது 2014-இல் வெளிப்பட்டது. அந்தப் பட்டியலையே நம்பியிருந்த பேக்கப் மென்பொருள்கள் எதுவும் தவறு செய்யவில்லை. ஆனாலும் அவை எடுத்த நகல்களை நம்ப முடியாமல் போயிற்று.

படி 1: சோதனைக்கென்று தனி இயந்திரம்

உற்பத்திச் சூழலில் ஓடும் அதே ஹைப்பர்வைசர் பதிப்பு, அதே வட்டு வடிவம், அதே வகைச் சேமிப்பகம் ஆகியவற்றோடு ஒரு சோதனை இயந்திரத்தை உருவாக்குங்கள். அதற்கு இரண்டு வட்டுகள் வேண்டும். முதலாவது இயங்குதளத்துக்கு. இரண்டாவதைக் கோப்பு முறைமை எதுவும் இல்லாமல் வெறுமையாக வையுங்கள். அப்போதுதான் நீங்கள் எழுதுவதைத் தவிர வேறு எதுவும் அதில் எழுதப்படாது, மாறிய கட்டங்களின் எண்ணிக்கையைக் காகிதத்திலேயே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். அந்த வட்டின் அளவு முழு எண்ணாக இருக்க வேண்டாம். கட்டத்தின் அளவு 64 கேபி என்று கொண்டு, 10 ஜிபியோடு 4,096 பைட் கூட்டி வைத்தால், கடைசிக் கட்டம் 64 கேபி முழுதாக இல்லாமல் 4 கேபி மட்டுமே இருக்கும். எல்லைப் பிழைகள் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான்.

க்யூகவ்2 கோப்பு மூன்றாம் பதிப்பு வடிவத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய வடிவத்தில் பிட்மேப்பைச் சேமிக்க இயலாது. வட்டின் பைட்டுகளை மட்டுமே கொண்ட ரா வடிவ வட்டுக்கும் அந்த வசதி கிடையாது.

படி 2: தன் முகவரியைத் தானே சொல்லும் தரவு

பூஜ்ஜியங்களையோ ஒரே எழுத்தையோ திரும்பத் திரும்ப எழுதிச் சோதிப்பது பயன் தராது. ஒரு பிளாக் விடுபட்டு, அதே உள்ளடக்கம் கொண்ட வேறொரு பிளாக் அந்த இடத்தில் வந்து நின்றாலும் உங்களுக்குத் தெரியாது. நான் பயன்படுத்தும் முறை இது: 4,096 பைட் கொண்ட ஒவ்வொரு பிளாக்கின் தொடக்கத்திலும் அந்த பிளாக் வட்டில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்ற எண், எத்தனையாவது சுற்றில் எழுதப்பட்டது என்ற எண், அந்த இரண்டையும் விதையாகக் கொண்டு உருவாக்கிய போலித் தற்செயல் பைட்டுகள், இறுதியில் ஒரு செக்சம் (உள்ளடக்கம் கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்). மீட்டெடுத்த வட்டில் எந்த பிளாக்கைத் திறந்தாலும் அது எங்கே இருக்க வேண்டியது, எந்தச் சுற்றைச் சேர்ந்தது, முழுமையாக இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் அதுவே விடை சொல்லிவிடும். மூன்றாம் சுற்றின் நகலில் இரண்டாம் சுற்றின் எண் தாங்கிய பிளாக் இருந்து, அந்த இடத்தில் மூன்றாம் சுற்றில் எழுதியதாக உங்கள் குறிப்பு சொன்னால், விடுபட்ட கட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

எழுதும் நிரல் உள்ளே இருக்கும் இயங்குதளத்தின் நினைவக கேஷைத் தவிர்த்து நேரடியாக வட்டில் எழுத வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஃப்ளஷ் செய்ய வேண்டும், அதாவது கேஷில் உள்ளதை வட்டுக்குத் தள்ள வேண்டும். கேஷில் தங்கிய தரவு பேக்கப்பில் வராதது பேக்கப்பின் குற்றம் அல்ல. இதைக் கவனிக்காமல் இல்லாத பிழையைத் தேடி நாள்களைக் கழிப்பவர்கள் பலர்.

படி 3: ஒப்பிடுவதற்கான உண்மை நகல்

ஓடிக்கொண்டிருக்கும் வட்டு நொடிக்கு நொடி மாறும். பேக்கப் தொடங்கிய அதே கணத்தில் வட்டு எப்படி இருந்தது என்பதற்கு நம்பத்தக்க சாட்சி ஒன்று வேண்டும். எளிய வழி, இயந்திரத்தை இடைநிறுத்துவது. லிப்விர்ட்டின் சஸ்பெண்ட் கட்டளையால் இயந்திரத்தை நிறுத்திவையுங்கள். அந்த நிலையில் முதலில் இன்கிரிமென்டல் பேக்கப்பை முடியுங்கள். அது முடிந்ததும், இயந்திரத்தை எழுப்பாமலேயே பிட்மேப்பைச் சாராத ஒரு முழு பேக்கப்பை வேறொரு கோப்பில் எடுங்கள். அதன் பிறகே இயந்திரத்தைத் தொடர விடுங்கள். இடையில் எதுவும் எழுதப்பட்டிருக்காது என்பதால் இரண்டும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை. ஒரு முழு பேக்கப்பும் அதைத் தொடரும் இன்கிரிமென்டல் கண்ணிகளும் சேர்ந்த சங்கிலியிலிருந்து மீட்டெடுத்த வட்டு இந்த முழு நகலோடு கடைசி பைட் வரை ஒத்துப்போக வேண்டும்.

ஒப்பிடுவதற்கு க்யூஎமு-இமேஜ் கருவியின் கம்பேர் கட்டளை போதும். ஒத்திருந்தால் 0, வேறுபட்டால் 1, பிழை ஏற்பட்டால் அதைவிடப் பெரிய எண் திரும்பும். ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரண முறையில், இரண்டு கோப்புகளின் அளவு வேறாக இருந்தாலும் மிஞ்சிய பகுதி பூஜ்ஜியமாக இருந்தால் "ஒத்தவை" என்றே சொல்லிவிடும். எனவே இரண்டின் அளவையும் தனியாகச் சரிபாருங்கள்.

படி 4: கணக்கு ஒத்துவருகிறதா

முதலில் வட்டு முழுவதையும் முதல் சுற்றுத் தரவால் நிரப்பி, முழு பேக்கப்பையும் அதோடு ஒரு செக்பாயிண்டையும் (அடுத்த இன்கிரிமென்டல் எந்தக் கணத்திலிருந்து மாற்றங்களை எண்ண வேண்டும் என்ற குறி) எடுங்கள். அடுத்து, தொடர்ச்சியாக 100 எம்பி எழுதி இன்கிரிமென்டல் எடுங்கள். 64 கேபி கட்டமாக இருந்தால், எழுதத் தொடங்கிய இடம் கட்டத்தின் விளிம்போடு பொருந்தும்போது, சரியாக 1,600 கட்டங்கள் வர வேண்டும். அதன் பின், வெவ்வேறு கட்டங்களில் விழுமாறு 4 கேபி பிளாக்குகள் ஆயிரத்தை எழுதுங்கள். எழுதியது 4 எம்பிக்கும் குறைவுதான். ஆனால் நகலில் 1,000 கட்டங்கள், அதாவது 62.5 எம்பி வர வேண்டும். க்யூகவ்2 தனக்கென எழுதிக்கொள்ளும் அட்டவணைகளால் கோப்பு இதைவிடச் சிறிது பெரிதாகவே இருக்கும். 999 கட்டங்கள் வந்தால், எது விடுபட்டது என்று தெரியும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

எதையும் எழுதாமல் ஒரு சுற்றும் எடுங்கள். அதில் ஒரு கட்டம்கூட இருக்கக் கூடாது. அப்படியொரு வெறுமையான கண்ணியும் சங்கிலியில் முறையாக அமர்ந்து மீட்டெடுக்கப்பட வேண்டும்.

படி 5: விளிம்புகளும், அழிக்கப்பட்ட தரவும்

வட்டின் முதல் 512 பைட், கடைசி 512 பைட், இரண்டு கட்டங்களின் எல்லையைத் தாண்டிப் பாதி இங்கும் பாதி அங்குமாக விழும்படி எழுதுவது, ஒரே கட்டத்தில் இரு சுற்றுகளில் வெவ்வேறு இடங்களில் எழுதுவது ஆகியவற்றை விரைவாக முடித்துவிடலாம். இவற்றில் பிழை அரிதாகவே வரும்.

நின்று பார்க்க வேண்டியது, ஓர் இடத்தில் உள்ள தரவு இனி வேண்டாம் என்று வட்டுக்குச் சொல்லும் டிரிம் கட்டளையை. முழு பேக்கப்பில் ஒரு கட்டத்தில் தரவு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பிறகு உள்ளே இருக்கும் இயங்குதளம் அதை டிரிம் செய்துவிட்டது. இப்போது அங்கே படித்தால் பூஜ்ஜியமே வருகிறது. இன்கிரிமென்டல் கோப்பில் அந்தக் கட்டம் "பூஜ்ஜியம்" என்று வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். மாறாக "இங்கே எதுவும் இல்லை" என்று வெறுமையாக விடப்பட்டால், சங்கிலியைப் படிக்கும் மென்பொருள் அடியில் உள்ள முழு பேக்கப்பிலிருந்து பழைய தரவை எடுத்து அங்கே வைத்துவிடும். அழித்த தரவு மீண்டும் உயிர்பெற்று எழும். கோப்பு முறைமை அந்த இடத்தைக் காலி என்று கருதும்போது இதனால் உடனடித் தீங்கு இல்லாமல் போகலாம். ஆனால் ஒரு தரவுத்தளமோ நிரலோ பூஜ்ஜியத்தை எதிர்பார்த்துப் படிக்கும் இடத்தில் பழைய பதிவுகள் வந்து நின்றால், அந்தக் குழப்பத்தின் மூலத்தைக் கண்டறிவது மிகவும் கடினம். ஆகவே சில கட்டங்களை டிரிம் செய்தும், வேறு சிலவற்றில் பூஜ்ஜியங்களை நேரடியாக எழுதியும் இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

வட்டை விரிவாக்கும் சோதனையையும் இங்கேயே செய்யுங்கள். விரிவாக்குவதற்கு முன் ஒரு கண்ணி, விரிவாக்கிய பின் புதிய பகுதியிலும் பழைய பகுதியிலும் எழுதிவிட்டு இன்னொரு கண்ணி. மீட்டெடுத்த வட்டு புதிய அளவில் இருக்க வேண்டும். எழுதப்படாத புதிய பகுதி முழுதும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும்.

படி 6: தோல்வியடைந்த பேக்கப்புக்குப் பிறகு வரும் பேக்கப்

இந்த ஒரு படியை மட்டுமே செய்ய நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், இதையே செய்யச் சொல்வேன். பேக்கப் வேலை பாதியில் நின்றுவிட்டால், அதுவரை குறிக்கப்பட்டிருந்த கட்டங்கள் அனைத்தும் அடுத்த முறைக்கும் குறிக்கப்பட்டே இருக்க வேண்டும். வேலை ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் புதிதாக எழுதப்பட்டவையும் அவற்றோடு சேர வேண்டும். க்யூஎமு இதற்கென வேலை தொடங்கும்போது பிட்மேப்பை இரண்டாகப் பிரித்து, பழையதை உறையவைத்து, புதிதாக எழுதப்படுபவற்றை இன்னொன்றில் குறித்துக்கொள்கிறது. வெற்றி பெற்றால் பழையது நீக்கப்படும், தோற்றால் இரண்டும் மீண்டும் ஒன்றாக இணைக்கப்படும்.

ஹைப்பர்வைசர் சரியாக நடந்துகொண்டாலும், அதைச் சுற்றி நாம் எழுதும் ஸ்கிரிப்ட்டில் தவறு நேரலாம். நான் எழுதிய ஒன்றிலேயே அது இருந்தது. இரவில் பேக்கப் சேமிப்பகம் நிரம்பி வேலை நின்றுபோனது. ஆனால் வேலை தொடங்கிய கணத்திலேயே புதிய செக்பாயிண்ட் உருவாகியிருந்தது. மறுநாள் ஸ்கிரிப்ட் "கடைசி செக்பாயிண்டிலிருந்து" என்று எடுத்துக்கொண்டது. அந்தக் கடைசி செக்பாயிண்ட் தோற்றுப்போன இரவுடையது. அதற்கு முந்தைய நாள் முழுதும் நடந்த மாற்றங்கள் எந்தக் கோப்பிலும் இல்லை. நான்கு நாள் கழித்து, வழக்கமான மீட்டெடுப்புச் சோதனையில்தான் அது தெரிந்தது. அன்றிலிருந்து, செக்பாயிண்ட் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்த செக்பாயிண்டுக்குரிய பேக்கப் முழுமையாக முடிந்ததா என்ற தனிப்பதிவைப் பார்த்த பின்பே அடுத்ததைத் தொடங்கும்படி எழுதுகிறேன்.

சோதிக்கும் முறை எளிது. நகல் போய்ச் சேரும் இடத்தில், தேவையானதைவிடக் குறைவான இடம் உள்ள ஒரு சிறிய பகிர்வை வைத்து, வேலை இடப்பற்றாக்குறையால் நிற்கும்படி செய்யுங்கள். நின்ற பிறகு இன்னும் சில பிளாக்குகளை எழுதுங்கள். இடத்தை விரிவாக்கி மீண்டும் ஓடவிட்டு, படி 3-இல் சொன்னபடி ஒப்பிடுங்கள். அதன் பின், வேலையை நீங்களே இடையில் ரத்து செய்தும், நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்தும், வெற்றிகரமாக முடிந்த நகலைப் பெயர் மாற்றிப் பதிவு செய்வதற்குச் சற்று முன் ஸ்கிரிப்ட்டையே கொன்றும் பாருங்கள். கடைசியாகச் சொன்னதில்தான் அதிகமான ஸ்கிரிப்ட்டுகள் தடுமாறுகின்றன.

படி 7: பிட்மேப்பை நம்பக் கூடாத தருணங்கள்

சில நிகழ்வுகளுக்குப் பிறகு பிட்மேப் செல்லாமல் போகலாம். அப்போது பேக்கப் மென்பொருள் இன்கிரிமென்டல் எடுக்க மறுத்து, முழு பேக்கப்புக்குத் திரும்ப வேண்டும். இங்கே நீங்கள் சோதிப்பது அந்த மறுப்பை. க்யூஎமு செயல்முறையைத் திடீரென்று கொன்றுவிடுங்கள். க்யூகவ்2 கோப்பில் அந்த பிட்மேப் "பயன்பாட்டில் உள்ளது" என்ற குறியோடு அப்படியே நிற்கும்; அடுத்த முறை கோப்பைத் திறக்கும்போது க்யூஎமு அதை முரண்பட்டதாகக் கருதி, நீக்குவதற்கு மட்டுமே அனுமதிக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் அதை நீக்கிவிட்டு, புதிதாக ஒரு வெற்று பிட்மேப்பை உருவாக்கி, அதை வைத்தே இன்கிரிமென்டல் எடுத்தால் அது பெருந்தவறு. மாற்றம் எதுவும் இல்லாத ஒரு கண்ணி உருவாகி, எல்லாம் நலம் என்ற தோற்றம் வரும்.

முன்பு சேமித்துவைத்த பழைய நிலைக்கு (ஸ்னாப்ஷாட்) திரும்புவது, இயந்திரங்களைத் தாங்கும் வேறொரு கணினிக்கு (ஹோஸ்ட்) நேரலையாக இடம்பெயர்ப்பது, இயந்திரம் அணைந்திருக்கும்போது வட்டுக் கோப்பை வேறு கருவியால் திறந்து எழுதுவது ஆகியவற்றையும் இவ்வாறே ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் பயன்படுத்துவோர் கவனிக்க: அங்கே பிட்மேப் நினைவகத்தில் மட்டுமே இருப்பதால், இயந்திரம் அணைந்து எழுந்த பின் முதல் பேக்கப் வட்டு முழுவதையும் படிக்கும். அது பிழை அல்ல.

படி 8: சங்கிலியை உடைத்துப் பார்ப்பது

ஒரு முழு பேக்கப்பும் ஆறு கண்ணிகளும் கொண்ட சங்கிலியின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, நான்காவது கண்ணியை அகற்றிவிட்டு மீட்டெடுக்க முயலுங்கள்; மென்பொருள் மறுக்க வேண்டும். மூன்றாவதையும் நான்காவதையும் இடம் மாற்றுங்கள். அப்போதும் மறுக்க வேண்டும். க்யூகவ்2 கோப்பின் அடித்தளக் கோப்பு எது என்பது வெறும் பெயரளவிலான இணைப்புதான். அந்தப் பெயரில் வேறொரு கோப்பு இருந்தாலும் க்யூஎமு கேள்வி கேட்காமல் படித்துவிடும். அடுத்து, ஒரு கண்ணியின் நடுவில் ஒரே ஒரு பைட்டை மாற்றுங்கள். க்யூஎமு-இமேஜ் செக் கட்டளை கோப்பின் அட்டவணைகளை மட்டுமே சரிபார்க்கும். க்யூகவ்2-இல் தரவுக்கென்று செக்சம் கிடையாது என்பதால் இந்த மாற்றம் அதன் கண்ணில் படாது. ஆகவே ஒவ்வொரு கண்ணிக்கும், உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும் எஸ்எச்ஏ-256 மதிப்பையும், அதன் முந்தைய கண்ணியின் மதிப்பையும் ஒரு பட்டியலில் சேர்த்து, நகல்கள் இருக்கும் இடத்தில் அல்லாமல் வேறிடத்தில் வைத்திருங்கள்.

படி 9: ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகல்

இதுவரை இயந்திரத்தை நிறுத்திவைத்தே ஒப்பிட்டோம். உண்மையில் பேக்கப் நடக்கும்போது வட்டில் எழுதுவதும் நடந்துகொண்டிருக்கும். நகல், பேக்கப் தொடங்கிய கணத்தின் நிலையையே காட்ட வேண்டும். இதைச் சோதிக்க, வரிசை எண்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றையும் ஃப்ளஷ் செய்து, அது முடிந்த பின்பே அந்த எண்ணை வெளியே உள்ள வேறொரு கணினிக்கு அனுப்பும் நிரலை ஓடவிடுங்கள். எண்கள் வட்டில் வரிசையாக இல்லாமல் சிதறி விழும்படி எழுதுங்கள். மீட்டெடுத்த வட்டில் 1 முதல் ஏதோ ஓர் எண் வரை இடைவெளியின்றி இருக்க வேண்டும். பேக்கப் தொடங்கும் முன் வெளிக்கணினியை அடைந்த எல்லா எண்களும் அதில் அடங்க வேண்டும். 48,210 இல்லாமல் 48,211 மட்டும் இருந்தால், அந்த நகல் எந்த ஒரு கணத்தையும் சேர்ந்தது அல்ல. வெவ்வேறு கணங்களின் கலவை அது.

தரவுத்தளம் ஓடும் இயந்திரங்களில், இயந்திரத்தின் உள்ளே ஓடும் துணை நிரலான கெஸ்ட் ஏஜெண்ட் வழியாகக் கோப்பு முறைமையை உறையவைத்து, பேக்கப் தொடங்கியதும் உடனே விடுவித்துவிடலாம். நகலெடுத்து முடியும் வரை உறைந்திருக்க வேண்டியதில்லை. லிப்விர்ட்டின் பேக்கப் கட்டளை இதைத் தானாகச் செய்யாது. ஏஜெண்ட் பதில் சொல்லாதபோது ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்பதையும், இடையில் ஸ்கிரிப்ட் இறந்துபோனால் கோப்பு முறைமை உறைந்தபடியே நிற்கிறதா என்பதையும் சோதியுங்கள்.

படி 10: மீட்டெடுத்த இயந்திரத்தை எழுப்புவது

மீட்டெடுத்த வட்டை வெளியுலகோடு தொடர்பில்லாத தனி நெட்வொர்க்கில் எழுப்புங்கள். அதே ஐபி முகவரியோடும், திட்டமிட்ட நேரத்தில் மின்னஞ்சல் அனுப்பும் வேலைகளோடும் ஒரு நகல் உண்மையான நெட்வொர்க்கில் விழித்துக்கொள்வது ஆபத்தானது. உள்ளே கோப்பு முறைமைச் சோதனையைப் படிக்க மட்டும் செய்யும் முறையில் ஓட்டுங்கள். தரவுத்தளத்தின் சொந்தச் சரிபார்ப்பையும் ஓட்டுங்கள். முழுச் சங்கிலியும் மீண்டுவர எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பீடு தோற்றால்

முதலில் எதையும் அழிக்காதீர்கள், புதிய பேக்கப்பையும் தொடங்காதீர்கள். கம்பேர் கட்டளை, வேறுபாடு தொடங்கும் இடத்தைச் சொல்லும். அது 5,368,774,656 என்று வைத்துக்கொள்வோம். 65,536-ஆல் வகுத்தால் மீதியின்றி 81,921 வரும். பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் அது 81,921-ஆம் கட்டத்தின் தொடக்கம். இப்போது க்யூஎமு-இமேஜ் மேப் கட்டளையை ஓட்டி, அந்தக் கட்டத்தைச் சங்கிலியின் எந்தக் கோப்பு தருகிறது என்று பாருங்கள். பழைய முழு பேக்கப் தந்தால், பிட் குறிக்கப்படாமல் போயிருக்கிறது, அல்லது தவறான செக்பாயிண்டிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. படி 6-க்கும் 7-க்கும் திரும்புங்கள். கடைசிக் கண்ணியே தந்தும் உள்ளடக்கம் தவறாக இருந்தால், கண்காணிப்பு சரி. நகலெடுத்த நேரத்திலோ, கோப்பு போய்ச் சேர்ந்த பின்போ கெட்டிருக்கிறது. எஸ்எச்ஏ-256 பட்டியல் எது என்று சொல்லும். அந்த பிளாக்கில் உள்ள சுற்று எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காரணம் தெரிந்த பிறகு எல்லா செக்பாயிண்டுகளையும் பிட்மேப்புகளையும் நீக்கிவிட்டு முழு பேக்கப்பிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். பழைய சங்கிலி ஓட்டை விழுந்ததாக இருந்தாலும், புதிய முழு பேக்கப்பை மீட்டெடுத்து ஒப்பிட்டு முடியும் வரை அதை வைத்திருங்கள். ஹைப்பர்வைசரையோ பேக்கப் மென்பொருளையோ மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் படி 4 முதல் 8 வரை மீண்டும் ஓட்டுங்கள். அவற்றை ஒரே ஸ்கிரிப்ட்டாக எழுதிவைத்தால், வட்டின் அளவைப் பொறுத்து, ஓர் இரவுக்குள் முடித்துவிடலாம்.